ஒழுங்குக்கு நான்கு கிரெடிட்

எங்கள் கல்லூரியில் நான்காண்டுப் பட்டப்படிப்பைப் புதிதாக வரைய ஒரு குழு போட்டார்கள். அதில் என்னைச் சேர்த்ததற்கு என் அறிவு காரணமில்லை. ‘அண்மையில் பட்டம் பெற்ற ஒருவர் குழுவில் இருக்க வேண்டும்’ என்று பல்கலைக்கழகச் சுற்றறிக்கை சொன்னது. அங்கேயே படித்து, அங்கேயே தற்காலிக விரிவுரையாளராக ஒட்டிக்கொண்டிருந்த நான் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தேன். கூப்பிட்டால் வருவேன். கூட்டக் குறிப்பு எழுதுவேன். காகிதம் மாட்டிக்கொண்டால் பிரின்டரின் வயிற்றில் கையை விட்டு இழுப்பேன். ஓட்டு மட்டும் கிடையாது. ‘சிறப்பு அழைப்பாளர்’ என்று முன்னால் ஒரு அட்டை வைத்திருந்தார்கள். குழுவில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மினிட்ஸ் எழுதுவதால் நான் ‘மினிட்ஸ்’.

“ஏம்மா மினிட்ஸ், அந்த ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வை.”

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்த வாசலுக்கு உள்ளே இவ்வளவு பெரிய குடும்பச் சண்டை நடக்கும் என்று அந்த அறையில்தான் தெரிந்தது.

கிரெடிட் என்பது ஒரு பாடத்தின் எடை. வாரத்துக்கு இத்தனை மணிநேரம் வகுப்பு என்றால் இத்தனை கிரெடிட். நான்கு வருடத்தில் போதுமான கிரெடிட் சேர்த்தவருக்குப் பட்டம். கேட்க எவ்வளவு சாதுவாக இருக்கிறது! ஆனால் ஒரு துறைக்குக் கிரெடிட் குறைந்தால் வகுப்பு குறையும். வகுப்பு குறைந்தால் ஆள் குறையும். ஆகவே அந்த நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் பாடத்திட்டம் வரையவில்லை, பங்காளிகள் மாதிரி பாகம் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“கெமிஸ்ட்ரிக்கு லேப் வேற இருக்கு. நான் ஒரு அங்குலம்கூட இறங்க மாட்டேன்” என்றார் வேதியியல் மேடம்.

“கணக்கு இல்லாம உங்க லேப்ல ஒரு சொட்டு அளக்க முடியுமா மேடம்?” என்றார் கணக்கு சார்.

“அளக்கறதுக்குக் கண்ணாடிக் குழாய் இருக்கு சார். அதுக்கு நீங்க எதுக்கு?”

மொழித்துறை ஐயா கண்ணை மூடியபடி பேசினார். “மொழிக்கு எவ்வளவு குடுக்கறீங்களோ குடுங்க. நான் வாயே திறக்க மாட்டேன். ஆனா கணக்கைவிட ஒண்ணு கூட இருக்கணும்.”

இந்த மூன்று பேரும் ஒருவர் காலை ஒருவர் வாரிக்கொண்டிருந்தபோது, குழுத் தலைவரான டீன் மேசையின் நடுவிலிருந்து நான்கு கிரெடிட்டை அலுங்காமல் எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். முதலாண்டில் எல்லோருக்கும் கட்டாயப் பாடம். பெயர், ‘ஒழுங்கும் பங்கேற்பும்’.

டீனைப் பற்றிச் சொல்ல வேண்டும். மணியடித்ததும் வகுப்புக் கதவைத் தாழிடுவதில் பெயர் வாங்கியவர். நான் படித்த காலத்தில் அந்தக் கதவின் வெளிப்பக்கத்தை நன்றாகப் பார்த்திருக்கிறேன். அதன் சாயம் எங்கே உரிந்திருந்தது என்றுகூடச் சொல்வேன். இப்போது அந்தத் தாழ்ப்பாளைப் பாடத்திட்டத்தில் பொருத்தப் பார்த்தார். ஒவ்வொரு வகுப்புக்கும் மணிக்கு முன் வர வேண்டும். ஒவ்வொரு வகுப்பிலும் ஒன்றாவது உருப்படியாகப் பேச வேண்டும். கடைசியில் குழுவாக ஒரு வேலை செய்ய வேண்டும். அதற்குக் குழுவில் எல்லோருக்கும் ஒரே மதிப்பெண், காப்பியடித்தால் பூஜ்யம். மறுதேர்வு கிடையாது. இதில் தவறினால் முதலாண்டுச் சான்றிதழைக் கையில் கொடுத்து வெளியே அனுப்பிவிடலாம்.

“வெளிய அனுப்பறதுன்னு சொல்லாதீங்க. புதுத் திட்டத்துல அது ‘எக்ஸிட்’. மரியாதையான வாசல்” என்று டீன் திருத்தினார்.

“மாணவர் சொல்ற காரணம் நியாயமா இருந்தா சார்?” என்று கேட்டேன்.

“காரணம் கேக்க ஆரம்பிச்சா ஒழுங்கு போச்சு. அதை அப்படியே எழுதிக்கோ.”

எழுதிக்கொண்டேன்.

டீன் வீடு கல்லூரி வளாகத்துக்குள்ளேயே இருந்தது. வீட்டு வாசலில் செருப்பை மாட்டினால் வகுப்பு வாசலில் கழற்றலாம். அந்தத் தூரத்தில் எவனுக்கும் ஒழுங்கு வரும்.

எனக்கு வயிறு எரிந்ததற்கு வேறு காரணமும் உண்டு. என் தங்கைக்கு அந்தப் புதுப் பட்டப்படிப்பின் முதல் செட்டில் இடம் கிடைத்திருந்தது. வீட்டில் அவள் பெயர் வாலு. விடிவதற்கு முன் எழுந்து ஒரு பேக்கரிக்குப் போவாள். மாவு பிசையும் இயந்திரத்துக்குத் தீனி போட்டு, தட்டு தட்டாக அடுப்பில் ஏற்றி, ரொட்டி ஏற்றும் வேன் கிளம்பிய பிறகுதான் அவளை விடுவார்கள். எவ்வளவு ஓடி வந்தாலும் முதல் வகுப்பு பாதி போயிருக்கும்.

அன்று மாலை சொன்னேன். அவள் முழங்கையில் காய்ந்திருந்த மாவை நகத்தால் சுரண்டிக்கொண்டே கேட்டாள்.

“அப்ப நான் எவ்ளோ நாள் தாங்குவேன்?”

“ஒரு வருஷம். அப்புறம் ஒரு சான்றிதழ் குடுத்துப் போயிட்டு வாம்பாங்க.”

“பரவாயில்லையே. அழுதுக்கிட்டே போக வேண்டியதில்ல, கைல ஏதோ இருக்கும்.”

அம்மா பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே குறுக்கே வந்தாள். “அந்த வேலையை விட்டுத் தொலையேன்டி.”

“விட்டுட்டு? உன் பெரிய மக சம்பளத்துல படிக்கறதா? மாசக் கடைசியில பஸ்ஸுக்கு அவளே என்கிட்டதான் கை நீட்டறா.”

“வாயைப் பாரு. இதுக்கெல்லாம் கிரெடிட் உண்டான்னு கேட்டுச் சொல்லுடி உங்க காலேஜுல” என்றாள் அம்மா என்னிடம்.

இடத்தை உறுதிசெய்யக் கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. வாலு முடிவு செய்திருந்தாள்: அந்த விதி அப்படியே இருந்தால் சேர மாட்டாள். ஒரு வருடத்தைத் தொலைத்துவிட்டு அரைகுறையாகத் திரும்புவதைவிடப் பேக்கரியிலேயே முழுநேரமாக நின்றுவிடலாம் என்றாள். அதைச் சிரித்துக்கொண்டே சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அடுத்த கூட்டத்தில் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு முட்டுக்கட்டை வந்தது. புதிய மதிப்பீட்டு முறை எதுவானாலும் ஒருமுறை நடத்திப் பார்த்து, அந்த முடிவையும் இணைத்து அனுப்ப வேண்டுமாம். கல்லூரிக்கு விடுமுறை. ஒரு மாணவன்கூடக் கிடையாது.

“நாமளே ஒரு ரிசல்ட் எழுதிக்கலாம் சார்” என்றார் கணக்கு சார். “ஏற்ற இறக்கமா நான் போட்டுத் தர்றேன். யாருக்கும் சந்தேகம் வராது.”

டீனுக்குக் கோபம் வந்துவிட்டது. “என் பேர்ல பொய் ரிசல்ட் போகாது. நிஜமா நடத்தணும். வர்ற முடிவை ஒரு எழுத்துகூட மாத்தாம அனுப்பணும். மினிட்ஸ், இதையும் எழுது.”

எழுதிவிட்டு, பேனாவை மூடாமல், ரொம்பப் பவ்யமாகக் கேட்டேன்.

“நீங்க நாலு பேரும் மாணவரா இருந்து பாத்தா என்ன சார்? இந்தக் கூட்டத்தையே வகுப்பா வச்சுக்கலாம். உங்க ஒழுங்கை வச்சே திட்டத்தைச் சோதிச்ச மாதிரி இருக்கும். வேற எந்தக் காலேஜும் இப்படிப் பண்ணியிருக்காது.”

கடைசி வாக்கியம்தான் தூண்டில். டீன் மோவாயைத் தடவினார். எந்த மாநாட்டில் எந்த மேடையில் இதைச் சொல்லலாம் என்று மனசுக்குள் ஸ்லைடு ஓடுவது அவர் முகத்திலேயே தெரிந்தது.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா மார்க் யாரு போடறது? இங்க எல்லாருமே மெம்பரு.”

நான் என் முன்னால் இருந்த அட்டையை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தேன். ஓட்டு இல்லாத ஒரே ஆள் நான்தான்.

முதல் நாள் மணியடித்ததும் எழுந்து போய்க் கதவைத் தாழிட்டேன். அந்தச் சத்தம் எனக்கு எவ்வளவு இனித்தது என்று எழுதினால் என்னைக் கெட்டவள் என்பீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள்.

வேதியியல் மேடம் கதவைத் தட்டினார். பிறகு இடித்தார்.

“ஏய், திறம்மா! டிராஃபிக்!”

“காரணம் கேக்கறதில்ல மேடம்.”

“நான் உனக்குப் பாடம் எடுத்தவடி!”

“அதான் மேடம் இவ்ளோ மரியாதையா சொல்றேன்.”

டீன் உள்ளே உட்கார்ந்து ரசித்துச் சிரித்தார். கணக்கு சார் சிரிக்கவில்லை. அவருக்கு நான் அன்றைக்குப் பத்துக்கு ஏழு போட்டிருந்தேன். ஏழரை வர வேண்டும் என்று நிரூபிக்க அரைப் பக்கம் கணக்குப் போட்டு எடுத்து வந்தார். ‘உருப்படியான பேச்சு’ என்பதற்கு எந்த அலகு, எந்த வாய்ப்பாடு என்று கேட்டார். அவர் பாடத்தில் எனக்கு ஒருமுறை அரை மதிப்பெண்ணில் ஒரு கிரேடு போயிருக்கிறது. அப்போது அவர் சொன்ன பதில் ‘போய்ப் படிம்மா’.

“போய்ப் படிங்க சார்” என்றேன்.

மொழித்துறை ஐயாவின் நிலைமைதான் மோசம். கூட்டத்துக்குக் கூட்டம் அவர் பேசும் ஒரே வாக்கியம் ‘நானும் அதையே வழிமொழிகிறேன்’ என்பது. அதற்கு மதிப்பெண் கிடையாது என்றதும் விழித்துக்கொண்டார். விழித்துக்கொண்டார் என்றால் நிஜமாகவே கண்ணைத் திறந்தார். அவர் கண் என்ன நிறம் என்று வேதியியல் மேடம் அன்றுதான் பார்த்தாராம்.

என் எண்ணம் எளிமையானது. இவர்கள் நான்கு பேரும் தடுக்கி விழுவார்கள், விழுந்தால் வலிக்கும், வலித்தால் விதியை மாற்றுவார்கள். அதற்காகத்தான் இந்தக் கூத்து.

ஆனால் அவர்கள் விழவில்லை. இரண்டாவது வாரத்தில் வேதியியல் மேடம் மணிக்கு ரொம்ப முன்னாலேயே வந்து, பிளாஸ்கில் கொண்டுவந்த டீயை ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார். கணக்கு சார் பேசப்போவதை வீட்டிலேயே எழுதி வந்து படித்தார். ஐயா கை தூக்கிக் கேள்வி கேட்டார். ஒருநாள் நான் சாக்பீஸ் எடுக்கத் திரும்பியபோது, “மேடம், இவரு என் இடத்துல உக்காந்துட்டாரு” என்று ஐயா சொன்னார். அந்த மேடம் நான்தான் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரமானது.

டீன் பூரித்துப்போனார். “பாத்தியா? பயம் இருந்தா ஒழுங்கு தானா வரும். இவங்களுக்கே வருதுன்னா சின்னப் பசங்களுக்கு வராதா? நல்ல ஐடியா குடுத்தம்மா நீ. ரிப்போர்ட்ல உன் பேரையும் போடறேன்.”

அந்த ஆளின் விதிக்கு நானே சான்று தயாரித்துக் கொடுத்துவிட்டேன். வீட்டுக்குப் போய்ச் சொன்னதும் வாலு விழுந்து விழுந்து சிரித்தாள்.

“குழி வெட்டிட்டு, விழறதுக்கு ஆள் வரலன்னு என்னைக் கூப்பிடறியாக்கா?”

“சும்மா இருடி.”

“அவங்களுக்கு என்ன, கார்ல வர்றாங்க. ஒரு வாரம் என் வேனுக்குப் பின்னால ஓடி வரச் சொல்லேன்.”

அவள் சொன்னது சரி. தாமதமாக வருவது கெட்ட பழக்கமாக இருந்தால் அதைப் பயத்தால் திருத்தலாம். வேன் கிளம்பாததை எந்தப் பயம் திருத்தும்? ஆனால் இதை அந்த மேசையில் யாருக்கு எப்படிப் புரியவைப்பது? எனக்கு ஓட்டே கிடையாது.

மிச்சம் இருந்தது குழு வேலை மட்டும். நான்கு பேரும் சேர்ந்து முதலாண்டுக்கு ஒரு பொதுப் பாடத்தை எழுத வேண்டும். ஆளுக்கு ஒரு அலகு. குழுத் தலைவர் டீன். அவர்தான் நான்கையும் கோத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். கொடுத்தார். பளபளவென்று அட்டை போட்டு, முதல் பக்கத்தில் கல்லூரிக் கட்டடத்தின் படம் வேறு.

மாதிரிப் பாடத்தை வாசிப்பதற்காக எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். முடிந்ததும் டீ, கேக் என்று டீன் ஏற்பாடு செய்திருந்தார். நான் ஒவ்வொரு அலகாகப் படித்துக்கொண்டு வந்தேன். ஐயாவின் அலகு, ‘கவிதை நயம்’. தொடக்கத்தில் இரண்டு வரி அழகாகவே இருந்தது. பிறகு ‘வகுப்பு நடைமுறை’ என்ற தலைப்புக்குக் கீழே சத்தமாக வாசித்தேன்:

“மாணவர்கள் கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் அணிந்தே வகுப்புக்கு வர வேண்டும். கசிவு ஏற்பட்டால் உடனே ஜன்னல்களைத் திறக்க வேண்டும்.”

கேக்கை வெட்டக் கத்தியை எடுத்த கணக்கு சார் அப்படியே நின்றார்.

“கவிதைல என்ன கசியும் ஐயா?” என்று கேட்டார்.

வேதியியல் மேடம் புத்தகத்தைப் பிடுங்கிப் பார்த்தார். “இது என்னோடது! என் பழைய லேப் பாடம்! தலைப்பை மட்டும் மாத்தியிருக்காரு. அடப்பாவி மனுஷா, ‘ஆசிரியரின் மேற்பார்வையின்றி எதையும் முகர்ந்து பார்க்கக் கூடாது’ன்னுகூட அப்படியே இருக்கு!”

“கவிதைக்கும் அது பொருந்தும்” என்றார் ஐயா. குரலில் சத்து இல்லை.

டீன் என் முகத்தைப் பார்த்தார். நான் விதியைப் பார்த்தேன். காப்பியடித்தால் பூஜ்யம். குழுவில் எல்லோருக்கும் ஒரே மதிப்பெண். மறுதேர்வு இல்லை. நான்கு பேரின் பெயருக்கு நேராகவும் ‘எக்ஸிட்’ என்று எழுதினேன். டீன் பெயருக்கு நேராக எழுதும்போது மட்டும் சிரிப்பை அடக்க வேண்டியிருந்தது.

“ஏய், நில்லு. அந்த ஆளு காப்பி அடிச்சா எனக்கு எதுக்குப் பூஜ்யம்?”

“குழு மார்க் சார்.”

“நான் ஒரு நாள்கூட லேட்டா வரல. ஒரு நாள்கூடப் பேசாம இருந்ததில்ல!”

“உண்மைதான் சார். நல்ல மாணவர். வருத்தமா இருக்கு.”

“அவரு எழுதினதை வரிக்கு வரி நான் படிச்சுக்கிட்டா இருக்க முடியும்? என் கைல இல்லாத விஷயத்துக்கு என்னை எப்படிம்மா தண்டிப்ப?”

நான் பேனாவை எடுத்து, அவர் சொன்னதை வார்த்தை மாறாமல் எழுதி, திருப்பி அவருக்கே வாசித்துக் காட்டினேன்.

“‘தன் கையில் இல்லாத காரணத்துக்காக மாணவரைத் தண்டிக்கக் கூடாது.’ புது விதியா சேத்துக்கலாமா சார்? இது இருந்தா உங்களுக்கு மறுவாய்ப்பு குடுக்க முடியும். இல்லேன்னா ரிசல்ட் இப்படியேதான் போகும். ஒரு எழுத்துகூட மாத்தக் கூடாதுன்னு நீங்கதான் எழுதச் சொன்னீங்க.”

அவர் என்னை முறைத்தார். முட்டாள் மனிதர் இல்லை. எங்கே வந்து சிக்கியிருக்கிறோம் என்று தெரிந்துவிட்டது.

“இது யாருக்காக?”

“எல்லாருக்கும் சார். காலையில வேலைக்குப் போயிட்டு வர்ற பிள்ளைங்க, வீட்டுல படுத்த படுக்கையா ஆள் இருக்கற பிள்ளைங்க. உங்களுக்கும்.”

“உன் தங்கச்சிக்கும். அவ பேரு சேர்க்கைப் பட்டியல்ல இருக்கே.”

“அவளுக்கும்தான். அவ பேக்கரில வேலை பாக்கறா. வேன் கிளம்பினாத்தான் விடுவாங்க. மறைக்க என்ன இருக்கு?”

வேதியியல் மேடம் முதலில் கை தூக்கினார். கணக்கு சார் அடுத்து. ஐயா கையைத் தூக்கலாமா கூடாதா என்று எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டுத் தூக்கினார். டீன் கடைசியாக ஒப்புக்கொண்டார், ஆனால் சும்மா இல்லை.

“சரி. வேலை, நோய், வீட்டு நிலைமை, மத்தவன் தப்பு, எதுவானாலும் மறுவாய்ப்பு, மாற்று நேரம். ஆனா ஆதாரம் வேணும். வேலைக்குப் போறவன் முதலாளிகிட்ட எழுதி வாங்கிட்டு வரணும். சும்மா வாயால சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன்.”

வென்ற மயக்கத்தில் தலையாட்டிவிட்டேன். மறுநாள் மாலை எல்லாக் காகிதங்களும் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும் என்று முடிவாயிற்று.

அன்று இரவு வீட்டில் வாலு அந்த விதிப் பக்கத்தை வாங்கிப் படித்தாள். நான் பாராட்டை எதிர்பார்த்து ஒரு நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

“முதலாளி சான்றிதழ்னு போட்டிருக்கே.”

“ஆமா. ஒரு வரி எழுதித் தரச் சொல்லு.”

“அக்கா, நீ படிச்சதெல்லாம் எங்கடி போச்சு? எங்க முதலாளியைக் கேட்டா நான் வேலைக்கே வர்றதில்ல. எந்தக் கணக்குலயும் நான் கிடையாது. அதிகாரி எவனாவது வந்தா நான் பின்வாசல் வழியா வெளிய போய் நிக்கணும். ‘இந்தப் பொண்ணு என்கிட்ட வேலை செய்யுது’ன்னு எழுதிக் குடுத்தா அவரு மாட்டிக்க மாட்டாரா? எழுதுவாரா?”

கால்மேல் போட்ட காலை இறக்கினேன்.

“கேட்டாத்தான் என்ன?”

“கேட்டா, நாளைக்கு வேற ஆள் மாவு பிசையும்.”

அம்மா கூட்டித் துடைக்கப் போகும் அலுவலகங்களிலும் அவள் பெயர் எந்தக் கணக்கிலும் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்களைப் போன்றவர்களுக்கென்று ஒரு கதவைத் திறந்துவிட்டு, அதில் எங்களிடம் இல்லாத சாவியைக் கேட்டிருந்தேன்.

மறுநாள் காலை டீன் அறைக்குப் போனேன். அவர் உற்சாகமாக இருந்தார். மறுவாய்ப்புக்கான உத்தரவில் என் கையெழுத்து வாங்கக் காகிதத்தை எடுத்து நீட்டினார்.

“போடும்மா. எல்லாம் ரெடி.”

“போடறேன் சார். சான்றிதழ் எங்க?”

“என்ன சான்றிதழ்?”

“ஐயா காப்பி அடிச்சது உங்களுக்குத் தெரியாதுங்கறதுக்கு. அது உங்க கைல இல்லாத காரணம்னு நிரூபிக்கணும்ல? வாயால சொன்னா ஒத்துக்க மாட்டோம்னு நேத்து விதி போட்டோமே. ஐயாகிட்ட எழுதி வாங்கிட்டு வந்துடுங்க. ‘நான்தான் காப்பி அடிச்சேன், டீனுக்குத் தெரியாது’ன்னு ஒரே வரி.”

“விளையாடறியா?”

“நான் மதிப்பீட்டாளர் சார். எல்லாருக்கும் ஒரே விதி.”

ஐயாவை வரவழைத்தார். ஐயா வந்து விஷயத்தைக் கேட்டார். டீன் நீட்டிய பேனாவைப் பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“அதெப்படி சார் எழுதித் தர முடியும்?”

“நேத்து எல்லார் முன்னாலயும் மாட்டினீங்களே!”

“மாட்டினது வேற. எழுதிக் குடுக்கறது வேற. நாளைக்கு எவனாவது அந்தக் காகிதத்தை எடுத்துட்டு வந்து ‘காப்பி அடிச்ச வாத்தியார்’னா என் வேலை என்ன ஆகும்? உங்களுக்கு நல்ல பேர் வர நான் என் கழுத்தை நீட்டணுமா?”

“யோவ், உண்மையைத்தான்யா எழுதச் சொல்றேன்!”

“உண்மைங்கறதாலதான் சார் எழுத மாட்டேங்கறேன். பொய்யா இருந்தா யோசிக்கலாம்.”

டீன் கெஞ்சினார். பிறகு மிரட்டினார். ஐயா அசையவே இல்லை. இத்தனை வருடம் எல்லாவற்றையும் வழிமொழிந்துகொண்டே இருந்த மனிதர் அன்றைக்கு ஒற்றைக்காலில் நின்றார். கடைசியில் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே போனார்.

டீன் நாற்காலியில் சாய்ந்தார். நான் நின்றுகொண்டே சொன்னேன்.

“என் தங்கச்சி முதலாளியும் இதையேதான் சொல்வாரு சார். அவ அங்க வேலை செய்யறது உண்மை. அவர் எழுதித் தர மாட்டாருங்கறதும் உண்மை. இப்ப நீங்களே சொல்லுங்க, அவ எங்க போவா?”

அவர் மேசையில் இருந்த விதிப் பக்கத்தைத் தன் பக்கம் இழுத்தார். ‘முதலாளியின் சான்றிதழ்’ என்ற வரியை ஒருமுறை படித்தார். பிறகு அடித்தார். அதன் மேலே தன் கையாலேயே, ‘மாணவர் கூறுவதை மதிப்பீட்டாளர் விசாரித்து ஏற்கலாம்’ என்று எழுதினார்.

“நாளைக்கு எவனாவது வந்து பொய் சொன்னா?”

“ஏமாந்துட்டுப் போறேன் சார். உங்களையே நம்பியாச்சு, இனி யாரை நம்பினா என்ன?”

அவருக்குச் சிரிப்பு வந்தது. அதை மறைக்க மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “போ, கையெழுத்தைப் போட்டுட்டு வெளிய போ. உன்னை இந்தக் குழுவுல போட்டவனைத்தான் முதல்ல எக்ஸிட் பண்ணணும்.”

“உங்க பேர்தான் சார் இருக்கு உத்தரவுல.”

மத்தியானம் நான்கு பேரும் மறுவாய்ப்பு எழுத உட்கார்ந்தார்கள். ‘கவிதை நயம்’ முழுதாக மறுபடி எழுதப்பட வேண்டும். ஐயா எழுத, டீன் அவர் தோளுக்குப் பின்னால் நின்று எழுத்துக்கு எழுத்து படித்துக்கொண்டிருந்தார். வேதியியல் மேடம் தன் பழைய பாடத்தைக் கைப்பைக்குள் வைத்து, பையை மடியில் வைத்து, அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டிருந்தார். “வேகமா எழுதுங்க ஐயா, எனக்கும் சேத்துத்தான் மார்க்கு” என்று கணக்கு சார் விரட்டிக்கொண்டிருந்தார்.

வாலு பேக்கரியிலிருந்து நேராக வந்திருந்தாள். தலைமுடியில் மாவு. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள்.

“இவங்கதான் எனக்குப் பாடம் எடுக்கப் போறவங்களா?”

“ஆமா.”

“பாவம்கா. பாஸ் பண்ணிடுவாங்கல்ல?”

“தெரியாது. நான் இன்னும் திருத்தலயே.”

“பாத்துப் போடு. வயசானவங்க.”

இடத்தை உறுதிசெய்ய அன்றுதான் கடைசி நாள். அலுவலக ஜன்னலை இன்னும் மூடவில்லை. அவள் முதுகில் கை வைத்து அந்தப் பக்கமாகத் தள்ளினேன். அவள் பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு, பேனா வேண்டும் என்று என்னிடமே கேட்டாள்.